அடிக்காசை நிர்ணயிப்பவர் யார்?

ஒரு நகராட்சி தன் வரிகளையும் கட்டணங்களையும் எப்படி நிர்ணயிக்கிறது என்று கேட்டால், 'மன்றத்தில் தீர்மானம் போட்டு' என்பதே பலரும் சொல்லும் விடை. இந்த விடை தவறில்லை. ஆனால் முழுமையானதும் இல்லை. நகரவாசி ஓராண்டில் நகராட்சிக்குச் செலுத்தும் தொகைகளில் சில கோட்டையில் முடிவாகின்றன; சில மன்றத்தில் முடிவாகின்றன; இன்னும் சில, நகராட்சி அலுவலகத்தின் முன்கூடத்தில் நடக்கும் பொது ஏலத்தில் முடிவாகின்றன. இந்த மூன்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவது மூன்றாவது. மிக எளியவர்கள் மீது விழுவதும் அதுதான்.

நகராட்சி நிதிநிலை அறிக்கைகளையும் மன்றக் கூட்டப் பொருள்நிரல்களையும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றைப் படிக்கப் பழகுவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வரி வேறு, கட்டணம் வேறு, வாடகை வேறு, குத்தகை வேறு என்பதைத்தான். சொத்து வரி, தொழில் வரி, காலிமனை வரி ஆகியவை வரிகள். குடிநீர் இணைப்பு, கட்டட அனுமதி, தொழில் உரிமம், குப்பை சேகரிப்பு ஆகியவற்றுக்குச் செலுத்துபவை கட்டணங்கள். நகராட்சிக் கடைகளுக்குச் செலுத்துவது வாடகை. வாரச்சந்தை, தினசரிச் சந்தை, பேருந்து நிலையக் கழிப்பறை, இருசக்கர வாகன நிறுத்தம் போன்றவற்றில் பணம் வசூலிக்கும் உரிமையைத் தனியாருக்கு விடுவது குத்தகை. செலுத்துபவரின் பைக்கு நான்கும் ஒன்றுதான். ஆனால், யார் நிர்ணயிக்கிறார், யாரிடம் முறையிடலாம் என்பதில் நான்கும் வெவ்வேறு.

வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உச்சநீதிமன்றம் தெளிவாக வரையறுத்த வழக்கு நம் மாநிலத்திலிருந்தே எழுந்தது. சென்னை மாகாணத்தின் 1951-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம், மடங்களும் கோயில்களும் தம் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மிகாமல் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்றது. சிரூர் மடம் தொடுத்த வழக்கில் 1954-இல் வந்த தீர்ப்பு, அந்தத் தொகை கட்டணம் அன்று, வரியே என்றது. அரசு செய்யும் குறிப்பிட்ட சேவைக்கு ஈடாக, அந்தச் செலவோடு தொடர்புடையதாகப் பெறப்படுவது கட்டணம். பொதுச் செலவுக்காகக் கட்டாயமாகப் பெறப்படுவது வரி. சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு கூறுவதால், இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

பத்தாண்டுகள் கழித்து கொல்கத்தாவின் லிபர்ட்டி திரையரங்க வழக்கு வந்தது. ஆண்டுக்கு 400 ரூபாயாக இருந்த உரிமக் கட்டணத்தை, இருக்கைகளின் எண்ணிக்கையையும் காட்சிகளையும் கொண்டு கணக்கிடும் முறைக்கு மாநகராட்சி மாற்றியதால், அது 6,000 ரூபாயானது. உரிமம் வழங்க அவ்வளவு செலவாகுமா என்று திரையரங்கம் கேட்டது. செலவாகாதுதான், ஆனால் இது 'கட்டணம்' என்ற பெயரிலான வரி, அந்த வரியை விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டனர். பெயரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். பின்னாள்களில் நீதிமன்றங்கள் கட்டணத்துக்கும் செலவுக்கும் துல்லியமான சமன்பாடு தேவையில்லை, பொதுவான தொடர்பு இருந்தால் போதும் என்ற அளவுக்கு இறங்கி வந்துவிட்டன. அந்தப் 'பொதுவான தொடர்பை'யாவது கணக்கிட்டுக் காட்டும் உள்ளாட்சிகள் மிகக் குறைவு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கோட்டை. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது சேர்ந்த 243-எக்ஸ் பிரிவு, எந்த வரியை, எந்த வரம்புக்குள் நகராட்சி விதிக்கலாம் என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் கையில் விட்டது. தமிழ்நாட்டில் நகராட்சிகளுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம், சென்னைக்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டம், மதுரைக்கும் கோவைக்கும் தனித்தனிச் சட்டங்கள் என்று இருந்தவை போய், 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-ஆம் ஆண்டு விதிகளுடன் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இயற்றி 25 ஆண்டுகள் கழித்து அதற்கு உயிர் கிடைத்தது என்பது தனிக் கதை.

சொத்து வரியின் அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தால் மன்றத்தின் பங்கு எவ்வளவு என்பது புரியும். சென்னையில் 1998-க்குப் பிறகும், பிற நகரங்களில் 2008-க்குப் பிறகும் சொத்து வரி பொதுச்சீராய்வு நடைமுறையில் நிலைக்கவில்லை. 2018-இல் அரசாணை மூலம் உயர்த்தப்பட்டது. அப்போது நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லை. 2016 அக்டோபர் முதல் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். மறு ஆண்டு நவம்பரில் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து மன்றங்கள் அமைந்தன. உறுப்பினர்கள் பதவியேற்ற ஓரிரு மாதத்துக்குள், ஏப்ரல் தொடக்கத்தில் புதிய உயர்வு அறிவிக்கப்பட்டது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதம். பிற மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் அதே வரிசையில் 25 முதல் 100 சதவீதம்.

இந்த உயர்வுக்கு அரசு சொன்ன காரணம் பொய்யன்று. 15-ஆவது நிதிக் குழு, நகர்ப்புற உள்ளாட்சிகள் மானியம் பெற வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் உற்பத்தி மதிப்பு வளரும் வேகத்துக்கு இணையாக வரி வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தது. ஆண்டுதோறும் 6 சதவீதம், அல்லது மாநில உற்பத்தி மதிப்பின் ஐந்தாண்டு சராசரி வளர்ச்சி, இரண்டில் எது கூடுதலோ அந்த அளவுக்கு உயர்வு என்ற ஏற்பாடு அதன் தொடர்ச்சிதான். 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியபோது, விவாதிக்க உறுப்பினர்களுக்கு அதிகம் இருக்கவில்லை. டெல்லி நிபந்தனை வைத்தது, கோட்டை ஆணையிட்டது, மன்றம் ஒப்பமிட்டது.

தொழில் வரி இதற்கு நேர் எதிர். அதன் உச்ச வரம்பை அரசியலமைப்பே 276-ஆவது பிரிவில் ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று கட்டிவைத்திருக்கிறது. 1988-இல் 250 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்ட அந்த வரம்பு இன்றுவரை அசையவில்லை. எனவே, மாதம் பல லட்சம் ஊதியம் பெறுபவருக்கும் அரையாண்டுக்கு 1,250 ரூபாய்தான். மன்றம் உயர்த்த முடிவது இடைநிலை வருவாய்ப் பிரிவினரின் வரியை மட்டுமே. மேலே கூரை இருக்கும்போது நடுவில் இருப்பவர்தான் நசுங்குவார்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சொத்து வரி எவ்வளவு உயர்ந்தாலும் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மன்றத் தீர்மானம் நாளிதழில் வெளியாகிறது. ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் தரப்படுகிறது. தனிப்பட்ட மதிப்பீட்டில் குறையிருந்தால் வரி மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். அரையாண்டின் முதல் 30 நாள்களுக்குள் செலுத்தினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கிடைக்கிறது. ரசீது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. வீட்டு உரிமையாளருக்கு இத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன.

இனி மன்றம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், வரவு-செலவு மதிப்பீட்டை ஆணையர் முன்கூட்டியே தயாரிப்பார். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று தலைப்புகளில் அது அமையும். பொருள்நிரலில் ஒவ்வொரு பொருளும் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது' என்று முடியும். ஒரே கூட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் வருவதுண்டு. தெருவிளக்கு, சாக்கடை, எதிர்க்கட்சியின் வெளிநடப்பு எல்லாம் முடிந்து மதிய உணவு நேரம் நெருங்கும்போது, பின்வரிசையிலிருந்து 'ஆல் பாஸ்' என்ற குரல் எழும். மறுநாள் நாளிதழில் 'அனைத்துத் தீர்மானங்களும் நிறைவேற்றப்பட்டன' என்று ஒருவரிச் செய்தி வரும். அந்த ஒரு வரிக்குள் அடுத்த ஆண்டுக்கான பல கட்டணங்கள் அடங்கியிருக்கும்.

மன்றம் உண்மையிலேயே நிர்ணயிக்கக்கூடிய கட்டணங்களில், சேவையின் செலவு என்ன என்ற கணக்கு பெரும்பாலும் பொருள்நிரலில் இருப்பதில்லை. 'இக்கட்டணம் பல ஆண்டுகளாக உயர்த்தப்படவில்லை; அண்டை நகராட்சியில் கூடுதலாக உள்ளது; எனவே உயர்த்தலாம்' என்ற மூன்று தொடர்களே காரணமாகக் காட்டப்படுகின்றன. குடிநீரை எடுத்துக்கொள்வோம். பல ஊர்களில் நகராட்சி குடிநீர் வடிகால் வாரியத்திடம் கிலோலிட்டர் கணக்கில் பணம் கொடுத்து நீர் வாங்குகிறது. நீரேற்று நிலையங்களுக்கு மின் கட்டணம் செலுத்துகிறது. ஆனால் வீட்டுக்காரரிடம் மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பெறுகிறது. ஒரு கிலோலிட்டர் நீரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர நகராட்சிக்கு என்ன செலவாகிறது, அதில் எவ்வளவு கட்டணமாகத் திரும்புகிறது, மீதத்தை எந்த நிதி ஈடுகட்டுகிறது என்று மூன்று எண்களைப் பொருள்நிரலில் அச்சிட்டால் உறுப்பினர்களின் விவாதமே வேறாக இருக்கும். நீருக்கு மானியம் தருவது நியாயமே. எவ்வளவு தருகிறோம் என்பது தெரியாமல் தருவதுதான் சிக்கல்.

தொழில் உரிமக் கட்டணமும் அப்படியே. தோல், எலும்பு, வைக்கோல் என்று சுகாதாரக் கேடோ தீ ஆபத்தோ விளைவிக்கக்கூடிய பொருள்களைச் சேமிப்போரைக் கண்காணிக்கவே நூறாண்டுகளுக்கு முன்பு இந்த உரிமம் ஏற்பட்டது. கண்காணிப்புக்கு ஆகும் செலவை அவரிடமே பெறுவது என்பதே அதன் அடிப்படை. இன்று உரிமம் பெற்ற கடையை ஆண்டுக்கு ஒருமுறையாவது சுகாதார ஆய்வாளர் வந்து பார்க்கிறாரா என்பதை வணிகர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கையோடு சேர்த்து, கல்லறைக் கட்டணம் முதல் விளையாட்டுத் திடல் வாடகை வரை அனைத்தையும் ஒரே அட்டவணையாக வெளியிடுவது வழக்கம். இந்த ஆண்டு எவ்வளவு, வரும் ஆண்டு எவ்வளவு என்று அருகருகே இருக்கும். கட்டாயமில்லாத சேவைகளுக்குப் பெறும் கட்டணம், ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, சேவையின் செலவை மிஞ்சக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 93-ஆவது பிரிவு சொல்கிறது. அங்கு எல்லாம் செம்மை என்று நான் சொல்லவில்லை. அந்த அட்டவணையைப் போன்ற ஒன்றை நம் நகராட்சிகளும் நான்கைந்து பக்கங்களில் அச்சிட முடியும் என்றே சொல்கிறேன்.

நகராட்சிக் கடை வாடகை இந்த வரிசையில் இடைப்பட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு, ஒன்பதாண்டுகள் முடிந்ததும் சந்தை மதிப்புக்கேற்ப மறுநிர்ணயம் என்ற முறை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. மறுநிர்ணயத்தில் வாடகை பல மடங்கு ஏறியபோது கடைக்காரர்கள் கடையடைத்தனர், நீதிமன்றம் சென்றனர், அமைச்சரைச் சந்தித்தனர். பல ஊர்களில் வாடகை நிலுவை கோடிக்கணக்கில் தேங்கியதும், பூட்டிய கடைகளுக்கு நகராட்சி முத்திரை வைத்ததும் செய்தியாயின. யார் பக்கம் நியாயம் என்பது கடைக்குக் கடை மாறும். குறைந்த வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விட்டவர்களும் உண்டு. ஆனால் அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. கையில் ஒப்பந்தப் பத்திரம் இருந்தது. வாடகை எவ்வளவு என்பது எழுத்தில் இருந்தது.

இவை எதுவும் இல்லாதவர் சந்தையில் சாக்கு விரித்து அமர்பவர். அவர் தருவதற்கு ஊருக்கு ஊர் பெயர் உண்டு. சுங்கம் என்பார்கள், தரைவாடகை என்பார்கள், அடிக்காசு என்பார்கள். ஒரு தரைக்கடைக்கு இவ்வளவு, தலைச்சுமைக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று மன்றம் தீர்மானித்த கட்டணம் உண்டு. அதை வசூலிக்கும் உரிமை பொது ஏலத்தில் விடப்படுகிறது. அதிகபட்சக் கேள்வி கேட்பவருக்கு உரிமை. தொகையை அவர் நகராட்சிக்குச் செலுத்திவிட்டு, ஆண்டு முழுவதும் சந்தையில் வசூலித்துக்கொள்கிறார்.

இதில் இருக்கும் முரணைக் காண ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த ஊரையும் குறிப்பதல்ல இது. விளங்கிக்கொள்வதற்கான கற்பனைக் கணக்கு. ஒரு வாரச்சந்தையில் 400 தரைக்கடைகள். மன்றம் நிர்ணயித்த கட்டணம் கடைக்கு 20 ரூபாய். ஆண்டுக்கு 52 சந்தைகள். மழை, பண்டிகை என்று ஒரு நாளும் குறையாமல் எல்லாரும் வந்து எல்லாரும் செலுத்தினாலும் கிடைப்பது 4,16,000 ரூபாய். ஆடு, மாடு, வண்டிக் கட்டணங்களுக்கு இன்னும் 2 லட்சம் சேர்த்துக்கொள்வோம். மொத்தம் 6,16,000. இப்போது அந்தச் சந்தை 12 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் எடுத்தவர் வசூலிக்கும் ஆள்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். குத்தகைத் தொகைக்குச் சரக்கு-சேவை வரி உண்டு. அவருக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டும். மற்ற கட்டணங்களில் மாற்றமே இல்லையென்றால், குத்தகைத் தொகையை மட்டும் ஈடுகட்டவே ஒரு கடைக்குச் சற்றேறக்குறைய 48 ரூபாய் வசூலித்தாக வேண்டும். கூலியும் வரியும் ஆதாயமும் சேர்ந்தால் 60 ரூபாயைத் தாண்டும்.

அதாவது, 20 ரூபாய் என்று தீர்மானித்த அதே மன்றம், 20 ரூபாய் வசூலித்தால் ஒருபோதும் ஈட்ட முடியாத தொகைக்கு ஏலத்தை அங்கீகரிக்கிறது. முதல் தீர்மானத்தை இரண்டாவது தீர்மானம் ரத்து செய்துவிடுகிறது. தரைக்கடைக்காரரின் கட்டணம் மன்றத்தில் நிர்ணயிக்கப்பட்டதாகப் பதிவேடு சொல்கிறது. உண்மையில் அது ஏலத்தில், இருவரின் போட்டியில், கேள்வி ஏற ஏற நிர்ணயிக்கப்படுகிறது. இதில் நாளிதழ் விளம்பரமிட்டு ஆட்சேபம் கேட்பதில்லை, 30 நாள் அவகாசமில்லை, மேல்முறையீடும் இல்லை. ஆண்டுதோறும் ஏலத்தொகை ஏறும். அறிவிப்புப் பலகையில் கட்டணம் மட்டும் மாறாமல் இருக்கும். 'எங்கள் காலத்தில் சந்தைக் கட்டணத்தை உயர்த்தவே இல்லை' என்று தலைவர் மேடையில் சொல்லலாம். 'சந்தை வருவாயை இரட்டிப்பாக்கினோம்' என்றும் அதே மேடையில் சொல்லலாம். இரண்டும் ஏட்டின்படி உண்மைதான்.

கீரைக்கட்டுகளும் கொத்தமல்லியும் விற்கும் ஒரு மூதாட்டியிடம் ஒரு சந்தையில் இதுபற்றிக் கேட்டேன். விடியற்காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குபவர். பலகையில் இருந்த கட்டணத்தைப் போல மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார். சீட்டுத் தருகிறார்களா என்றேன். "சீட்டா? அதைக் கேட்டா அடுத்த வாரம் இந்த எடம் இருக்காது தம்பி. வாங்கறவங்க பத்து ரூவாய்க்குப் பேரம் பேசறாங்க, இவங்ககிட்ட பேச முடியுமா?" என்றார். பலகையை அவர் பார்த்ததே இல்லை. அது சந்தையின் பின்புறம், குப்பைத்தொட்டிக்கு மேலே இருந்தது. பார்த்திருந்தாலும் பயனில்லை; அவருக்குப் படிக்கத் தெரியாது. நாளொன்றுக்கு 200, 250 ரூபாய் மிஞ்சும் வியாபாரத்தில் 60 ரூபாய் அடிக்காசு என்பது கால் பங்கு. நகரத்தில் வேறு எவரும் தம் அன்றைய வருமானத்தில் கால் பங்கை உள்ளாட்சிக்குச் செலுத்துவதாக எனக்குத் தெரியவில்லை. அவர் செலுத்துவதிலும் நகராட்சிக்குப் போய்ச் சேருவது ஒரு பகுதிதான்.

பேருந்து நிலையக் கழிப்பறைக்கும் இதே கணக்குதான். பலகையில் ஒரு தொகை, வாசலில் மேசை போட்டு அமர்ந்திருப்பவர் கேட்பது வேறொரு தொகை. பயணி அவசரத்தில் இருப்பார்; சில்லறைக்காக நின்று வாதிட மாட்டார். அந்த அவசரமும் ஏலத்தொகையில் கணக்கிடப்பட்டிருக்கிறது.

நகராட்சி அதிகாரிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. சந்தையில் நேரடியாக வசூலிக்கப் போதிய ஊழியர்கள் இல்லை. நேரடி வசூலில் கசிவு அதிகம் என்பது பழைய அனுபவம். குத்தகைக்கு விட்டால் தொகை முன்கூட்டியே கைக்கு வரும், நிலுவை இராது. இவற்றை மறுக்க முடியாது. குத்தகை முறையையே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏலத்தின் தொடக்கத் தொகை எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் சென்ற முறை போன தொகையை வைத்து, அதன்மேல் ஒரு குறிப்பிட்ட சதவீதம் கூட்டி நிர்ணயிக்கிறார்கள். சந்தையில் எத்தனை கடைகள், ஒரு கடைக்கு எவ்வளவு என்ற அடிப்படையிலிருந்து அது கட்டப்படுவதில்லை. ஒருமுறை இருவரின் பகையில் தொகை எகிறினால், அதுவே அடுத்த முறைக்கு அடித்தளமாகிவிடுகிறது.

இதை ஓர் ஆணையர் சரிசெய்ய நினைத்தாலும் அவருக்கு ஓர் அச்சம் உண்டு. 12 லட்சத்துக்குப் போன சந்தையை 5 லட்சத்துக்கு விட்டால், உள்ளாட்சி நிதித் தணிக்கையாளர் வந்து 7 லட்சம் வருவாய் இழப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதுவார். அந்தத் தணிக்கைத் தடை அலுவலரின் ஓய்வூதியம் வரை துரத்தும். கூடுதல் வசூலுக்காக எந்தத் தணிக்கைத் தடையும் எழுதப்படுவதில்லை. ஏனெனில் அது நகராட்சியின் எந்தப் பேரேட்டிலும் பதிவாவதில்லை. ஏட்டில் இல்லாத பணத்தைத் தணிக்கை செய்ய முடியாது. எனவே, தவறு எந்தத் தனி அலுவலரிடமும் இல்லாதபோதும் ஒவ்வோர் ஆண்டும் அதுவே தொடர்கிறது.

மாற்று வழி அவ்வளவு கடினமானதன்று. ஏலத்துக்கு முந்தைய மாதத்தில் நான்கு சந்தை நாள்களில் கடைகளை எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை அங்கீகரிக்கப்பட்ட கட்டணத்தால் பெருக்கி, வசூல் செலவைக் கழித்து, கிடைக்கும் தொகையை ஏலத்தின் உச்ச வரம்பாக வைக்கலாம். அதற்குமேல் கேள்வி கேட்பவர் கூடுதலாக வசூலிக்கப் போகிறார் என்பதைத்தான் அறிவிக்கிறார். அவரைத் தகுதியிழக்கச் செய்யலாம். உச்ச வரம்பில் பலர் நின்றால் குலுக்கல் நடத்தலாம். நகராட்சிக்கு அந்த வருவாய் போதாது என்றால், 20 ரூபாயை 30 ஆக்க மன்றத்தில் வெளிப்படையாகத் தீர்மானம் கொண்டு வரட்டும். உறுப்பினர்கள் கையுயர்த்தி வாக்களிக்கட்டும். கட்டணத்தை உயர்த்தும் பழியை ஏற்காமல் உயர்ந்த வருவாயை மட்டும் ஏற்பது முறையன்று.

சட்டத்தின் துணையும் இருக்கிறது. தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014-இல் இயற்றப்பட்டது. அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். தெருக்களில் விற்போரின் கட்டணம் பற்றி இந்தக் குழுவின் கருத்தைப் பெற்றதாக எத்தனை நகராட்சிகளின் பொருள்நிரலில் குறிப்பு இருக்கிறது? நான் படித்தவற்றில் ஒன்றிலும் காணவில்லை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தொடங்கிய பகுதி சபைகளில் சாலையும் சாக்கடையும் பேசப்படுகின்றன. அங்கே சந்தைக் கட்டணத்தைக் கேட்கத் தடையேதும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, இத்தகைய விவரங்களை எவரும் கேட்காமலேயே நகராட்சி வெளியிட வேண்டும்.

சந்தை ஏல அறிவிப்புகள் பெரும்பாலும் நிதியாண்டு முடியும் தறுவாயில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாளிதழ்களில் வெளியாகும். அப்போது உங்கள் வார்டு உறுப்பினரிடம் இரண்டு தாள்களைக் கேளுங்கள். ஒன்று, சந்தைக் கட்டணத்தை நிர்ணயித்த மன்றத் தீர்மானம். மற்றொன்று, சென்ற முறை ஏலம் போன தொகையை அங்கீகரித்த தீர்மானம். பிறகு ஒரு சந்தை நாளில் கடைகளை நீங்களே எண்ணிவிட்டு, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பெருக்கிப் பார்க்க, ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

அதே கணக்கை மன்றத்தில் உரக்கப் போட்டுக் காட்டும் உறுப்பினர் ஒருவர் எழுந்தால், அந்தப் பொருளை 'ஆல் பாஸ்' என்று கடந்துபோவது சற்றுச் சிரமமாகிவிடும்.